கோடை முகாமா, வார வகுப்பா, வாத்தியார் வீடா? ஊர்ப் பிள்ளைகளுக்குக் கலை சொல்லித்தர நினைப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

காவிரி டெல்டாவில் இப்போது பல ஊர்களில் ஒரே பேச்சுதான் ஓடுகிறது. ஊரில் படித்தவர்கள் நாலு பேர் வெளியூரில் சம்பாதிக்கிறார்கள், கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது, பிள்ளைகள் சாயங்காலமானால் மதகடியில் செல்போனோடு உட்கார்ந்திருக்கிறார்கள், ஏதாவது செய்தாக வேண்டும். தப்பு என்கிற பறை, பாட்டு, நாடகம், ஓவியம் என்று எதையாவது கற்றுத்தரலாம், கூடவே பத்தாவது பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைகளுக்கு அடுத்து என்ன என்று சொல்ல ஓர் அண்ணனையோ அக்காவையோ சேர்த்துவிடலாம். இதுவரைக்கும் எல்லாருக்கும் சம்மதம். எப்படிச் செய்வது என்கிற இடத்தில்தான் வாட்ஸ்அப் குழுவில் சண்டை ஆரம்பிக்கிறது.

சிங்கப்பூரில் இருப்பவர் மே மாதம் பத்து நாள் முகாம் போடலாம் என்பார். பள்ளிக்கூட ஆசிரியர் சனிக்கிழமை தோறும் வகுப்பு வைக்கலாம் என்பார். ஊர்ப் பெரியவர், தெருக்கோடியில் இருக்கிற தவில்காரரிடமே நாலு பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுங்கள், அவருக்கு மாதம் ஏதாவது கொடுங்கள் என்பார். இன்னொருவர், அரசாங்கம் நடத்துகிற இடங்கள் இருக்கும்போது நாம் எதற்குப் புதிதாக, பஸ் செலவைக் கொடுத்து அங்கேயே அனுப்பலாமே என்பார். நாலு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதுதான் சிக்கல்.

## எதை வைத்து எடை போடுவது?

எந்தக் கலை என்று முதலில் பேச ஆரம்பிக்காதீர்கள். பறையா பரதமா என்று மூன்று கூட்டம் போட்டுவிட்டு, சாவி யாரிடம் இருக்கும் என்பதைப் பேசாமலே கலைந்துபோகிற குழுக்கள்தான் அதிகம். நான் பார்ப்பது ஐந்து விஷயங்கள்.

யார் கூடவே இருப்பார்? கலை சொல்லித்தர ஒருவர் வேண்டும், பிள்ளைகளைக் கவனிக்க ஒருவர் வேண்டும். இரண்டும் ஒரே ஆளிடம் அமைவது அபூர்வம். ஒரு பையன் இரண்டு வாரமாக வரவில்லை, ஏன் என்றால் அப்பா திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார், மாடு கட்டுவது இவன் பொறுப்பாகிவிட்டது. இதைத் தெரிந்துகொண்டு வீடு தேடிப் போய்ப் பேசுகிற ஆள் யார்? அந்த ஆளைப் பெயர் சொல்லிக் காட்ட முடியாவிட்டால் வழிகாட்டுதல் என்ற வார்த்தையை நோட்டீஸில் போடாமல் இருப்பது நல்லது.

டெல்டாவின் நாட்காட்டி ஒத்துவருமா? மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்தால் குறுவை நடவு, அப்புறம் சம்பா, தாளடி. நடவுக்கும் அறுப்புக்கும் அம்மாக்கள் வயலுக்குப் போனால், வீட்டில் சின்னதுகளைப் பார்த்துக்கொள்வது பெரிய பெண்தான். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை, சாயங்கால வகுப்பு என்பதே கேள்விக்குறி. டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு, மார்ச்சில் பொதுத் தேர்வு. இதற்கு நடுவில் கலைஞர்களுக்கென்று தனி நாட்காட்டி ஒன்று இருக்கிறது, அதைக் கணக்கில் எடுக்காதவர்கள்தான் முதல் வருடமே மாட்டிக்கொள்கிறார்கள். நாதஸ்வரம், தவில்காரர்களுக்கு ஆடியும் மார்கழியும் கல்யாணம் இல்லாத மாதங்கள், கையில் நேரம் இருக்கும். தை, வைகாசி, ஆவணி என்று முகூர்த்த மாதம் வந்தால் ஆளையே பிடிக்க முடியாது. தப்பாட்டக் கலைஞர்களுக்கு நேர் எதிர்: ஆடியில்தான் மாரியம்மன் கோயில் வேலை அதிகம். அதோடு சாவு வீட்டுக்கு எந்த நேரமும் அழைப்பு வரும், சனிக்கிழமை நாலு மணி என்று அவர்களைக் கட்டிப்போட முடியாது.

யாரால் வர முடியாது? இதைத்தான் நாசூக்காகத் தாண்டிப் போகிறார்கள். வகுப்பு நடக்கிற இடம்தான் யார் வருவார்கள் என்பதை முடிவு செய்கிறது. மேலத்தெரு கோயில் மண்டபத்தில் வைத்தால் காலனிப் பிள்ளைகள் முதல் வாரம் வருவார்கள், மூன்றாவது வாரம் வர மாட்டார்கள், ஏன் என்று யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். காலனியில் வைத்தால் தெருவிலிருந்து ஒருவரும் வர மாட்டார்கள். கடைசியில் பரதம் ஒரு பக்கம், தப்பு ஒரு பக்கம் என்று இரண்டு வகுப்பாகிவிடும், ஊர் எப்படிப் பிரிந்து கிடந்ததோ அப்படியே. அரசுப் பள்ளி வளாகம் கிடைத்தால் அதுதான் உத்தமம். தலைமையாசிரியரிடமும் கல்வி அலுவலகத்திலும் எழுத்தில் அனுமதி வாங்க அலைய வேண்டியிருக்கும், அலையலாம். பெண் பிள்ளைகள் விஷயமும் இதே இடத்தில்தான் வருகிறது: வகுப்பு இருட்டுவதற்குள் முடியுமா, பெரியவள் ஒருத்தி கூட இருப்பாளா, கழிப்பறை இருக்கிறதா. மூன்றுக்கும் ஆமாம் என்றால்தான் எட்டாவது தாண்டிய பெண்கள் தொடர்ந்து வருவார்கள்.

ஓட்டுகிற பணம். ஆரம்பிக்கும் பணம் எல்லாருக்கும் கிடைக்கும். பதினான்காவது மாதம் யார் கொடுப்பார் என்று கேளுங்கள்.

அடுத்த படி. இரண்டு வருடம் கற்ற பிள்ளை எங்கே போகும்? வழி கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

இனி ஒவ்வொன்றாக.

## கோடை முகாம்

ஏப்ரல் கடைசியில் தேர்வு முடிந்ததிலிருந்து ஜூனில் பள்ளி திறக்கும் வரை பிள்ளைகள் சும்மா இருக்கிறார்கள், வயலிலும் பெரிதாக வேலை இல்லை, மழை இல்லை, தேர்வு இல்லை. நாட்காட்டிப்படி பார்த்தால் முகாமுக்கு முழு மதிப்பெண். இடம் கிடைப்பதும் சுலபம், பள்ளிக்கூடமே காலியாகத்தான் கிடக்கும்.

ஆனால் கலைஞர்களின் நாட்காட்டிப்படி இதுதான் மோசமான காலம். சித்திரை, வைகாசியில் கோயில் திருவிழாவும் கல்யாணமுமாக உள்ளூர்க் கலைஞர் ஒருவரும் ஊரில் இருக்க மாட்டார்கள். அதனால் என்ன ஆகிறது, சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ பயிற்சியாளர்களை வரவழைக்கிறோம், ரயில் செலவு, தங்க அறை, சாப்பாடு எல்லாம் நம் கணக்கு. பத்து வீடு தள்ளி இருக்கிற உள்ளூர்க் கலைஞருக்கு நிறைவு விழாவில் ஒரு பொன்னாடை. எனக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

முகாமின் மறைமுகச் செலவெல்லாம் கடைசி நாளில்தான் குவிகிறது: சாமியானா, மைக்செட், ஃபிளெக்ஸ், டீ ஷர்ட், சான்றிதழ், நினைவுப் பரிசு, சிறப்பு விருந்தினருக்குக் கார். பட்ஜெட்டை எழுதும்போது நிறைவு நாளுக்கு ஒரு தனிப் பத்தி போட்டுப் பாருங்கள், பல இடங்களில் கற்றுத்தருவதற்கு ஆகும் பணத்தை அது தொட்டுவிடும். பணம் கொடுத்தவர்களுக்கும் அதுதான் பிடிக்கிறது, ஐம்பது பிள்ளைகள் ஒரே நிறச் சட்டையில் நிற்கும் புகைப்படம் வந்துவிடுகிறது. ஜூன் 15-ஆம் தேதி அந்த ஐம்பது பேரும் எங்கே என்று யாரும் புகைப்படம் கேட்பதில்லை.

சரி, முகாமே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். ஊரில் எந்தப் பிள்ளைக்கு எதில் கை வருகிறது என்பதே தெரியாத முதல் வருடத்துக்கு முகாம்தான் சரி. பத்து நாளில் முடிகிற விஷயங்களும் இருக்கின்றன: ஒரு சின்ன நாடகம், காகிதக் கூழில் பொம்மை, நெட்டித் தண்டைச் செதுக்கி உருவம் செய்கிற நெட்டி வேலையின் ஆரம்பப் பாடம், சுவர் ஓவியம். தலையாட்டி பொம்மையும் நெட்டி வேலையும் தஞ்சாவூருக்கே உரியவை, இரண்டுக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது, செய்கிறவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். நாதஸ்வரம், மிருதங்கம் போன்றவற்றைப் பத்து நாளில் தொட்டுக்காட்டலாம், அவ்வளவுதான்.

இன்னொரு யோசனை. மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி, பெரும்பாலும் மே மாதத்தில், பாகவத மேளா நடக்கும். ஆண்களே பெண் வேடமும் கட்டி இரவெல்லாம் ஆடுகிற நாட்டிய நாடகம். முகாமைத் தேதி பார்த்து அதற்குப் பக்கத்தில் வைத்து ஒரு ராத்திரி பிள்ளைகளை வேன் பிடித்து அழைத்துப் போங்கள், பெற்றோரில் நாலைந்து பேரையும் கூட ஏற்றிக்கொள்ளுங்கள். நிறைவு விழாவை ரத்து செய்தால் அந்தச் செலவு தேறிவிடும்.

## வார வகுப்பு

பேச்சளவில் இதுதான் ஒழுங்கான ஏற்பாடு. சனி சாயங்காலமோ ஞாயிறு காலையோ இரண்டு மணி நேரம், ஒரு மாஸ்டர், ஒரு கூடம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். மாஸ்டருக்கு ஒரு வகுப்புக்கு 800 ரூபாய், பெட்ரோலுக்கு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை, தேர்வு, நடவு, பண்டிகை எல்லாம் கழித்து 52 வாரத்தில் 35 வாரம் வகுப்பு நடந்தால் வருடத்துக்கு 31,500 ரூபாய். உங்கள் ஊர்த் தொகை வேறாக இருக்கும், போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய தொகையாகத் தெரியாது. ஆனால் இது பாதிக் கணக்குதான்.

மீதிப் பாதி என்னவென்றால், கூடத்தைத் திறக்கிற ஆள். பெருக்கி, தண்ணீர்க் குடம் வைத்து, வருகைப் பதிவு எழுதி, மாஸ்டர் வராத நாளில் பிள்ளைகளைச் சமாளித்து, வராத பிள்ளையின் வீட்டுக்குப் போய்க் கேட்கிற ஆள். எல்லா ஊரிலும் இந்த வேலை டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற ஒரு பெண்ணின் தலையில்தான் விழுகிறது. அதுவும் சும்மா, சேவை என்ற பெயரில். பிள்ளைகள் மாஸ்டரைவிட அந்த அக்காவுக்காகத்தான் வருகிறார்கள். பிறகு அக்காவுக்கு வேலை கிடைக்கிறது, இல்லையென்றால் கல்யாணம் ஆகிறது, வகுப்பு நின்றுபோகிறது. அவளுக்கு மாதம் 3,000 ரூபாயாவது முதல் நாளிலிருந்தே கொடுங்கள், அந்த வேலைக்கு ஒரு பெயரும் கொடுங்கள், ஆறாவது மாதத்திலிருந்து இன்னொருத்தியைக் கூட வைத்துப் பழக்குங்கள். அதற்குப் பணம் இல்லை என்றால் வார வகுப்புக்கு உங்களிடம் பணம் இல்லை என்று அர்த்தம்.

அடுத்தது வாத்தியங்கள். தப்பு வகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி ஈரத்தில் தோல் தளர்ந்து தொய்ந்துவிடும், அடிகுச்சியால் தட்டினால் அட்டைப் பெட்டி போல ஒரு சத்தம் வரும். வைக்கோலைக் கொளுத்தி, தப்பை அனலில் காட்டித் திருப்பித் திருப்பிக் காய்ச்ச வேண்டும், சுண்டுகுச்சியால் ஓரத்தில் தட்டிக் காது கொடுத்துப் பார்த்து, கணீரென்று வரும்வரை மறுபடி காட்ட வேண்டும். மழைக்காலத்தில் வைக்கோலும் நனைந்திருக்கும். இருபது தப்பைக் காய்ச்சி முடிப்பதற்குள் வகுப்பில் முக்கால் மணி நேரம் போய்விடும். ஃபைபர் தோல் போட்டவை இப்போது கிடைக்கின்றன, காய்ச்ச வேண்டாம், ஆனால் நாதம் வேறு, மூத்த கலைஞர்கள் முகம் சுளிப்பார்கள். பாதிக்குப் பாதி வைத்துக்கொள்வது என் யோசனை: பழகுவதற்கு ஃபைபர், ஆட்டத்துக்குத் தோல். காய்ச்சக் கற்றுக்கொள்வதும் பாடம்தான் என்பதால் தோல் தப்பை அடியோடு விட்டுவிட வேண்டாம். வாத்தியங்களைத் தரையில் வைக்காமல் பரண் போட்டு வைப்பது, வெள்ளம் வந்தால் யார் வீட்டு மாடிக்குப் போகும் என்று முன்பே பேசிவைப்பது எல்லாம் டெல்டாவில் கட்டாயம். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது கீற்றும் ஓடும் பறந்த ஊர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். ஒரு மாஸ்டருக்கு 15 பிள்ளைகள் வரை சரி. நாற்பது பேரை உட்கார வைத்தால் அது வகுப்பு இல்லை, கூட்டம்.

வார வகுப்பு எங்கே நன்றாக நடக்கும்? பள்ளி வளாகம் கிடைத்து, சம்பளத்தோடு ஓர் அக்காவோ அண்ணனோ அமைந்து, பல தெருப் பிள்ளைகளும் கலந்து உட்கார வேண்டும் என்பதுதான் உங்கள் முதல் நோக்கமாக இருக்கும் இடத்தில். கலையில் உச்சத்துக்குப் போவது இரண்டாவது நோக்கமாக இருந்தால் இதைத் தாராளமாக எடுக்கலாம். கும்மி, ஒயிலாட்டம், தப்பாட்டம் என்று கூட்டமாக ஆடுகிற கலைகள் இதற்குப் பொருந்தும். வழிகாட்டுகிற வேலையும் இங்கேதான் இயல்பாக நடக்கும், வகுப்பு முடிந்து அரை மணி நேரம் சுண்டலோடு உட்கார்ந்து பேசினால், பிளஸ் டூவுக்கு எந்தக் குரூப் எடுப்பது என்பதிலிருந்து வீட்டில் அப்பா குடிப்பது வரைக்கும் வெளியே வரும்.

## வாத்தியார் வீடு

நாலைந்து பிள்ளைகளை ஒரு கலைஞரிடம் ஒப்படைப்பது. டெல்டாவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்த வழி சுலபமாக வாய்க்காது. நமக்கு வாய்க்கும். கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையே நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் நாதஸ்வரம் கடைகிறார்கள், 2022-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளை பெயரோடு ஒட்டிக்கொண்ட திருவாவடுதுறை பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதுகிற சீவாளியைக் கட்டுகிறார்கள். சுவாமிமலையில் ஸ்தபதிகள், தஞ்சாவூரில் வீணை செய்கிறவர்களும் ஓவியர்களும். பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் கலையில் கரைகண்டவர் ஒருவர் இல்லாத ஊர் இந்தப் பகுதியில் குறைவு.

என் சாய்வு இந்தப் பக்கம்தான், மறைக்கவில்லை. காரணம், வாத்தியார் வீட்டில் பிள்ளை வாரத்துக்கு இரண்டு மணி நேரம் இல்லை, தினமும் இருக்கிறது. காலையில் ஒரு மணி நேரம் சாதகம், அவர் சீவாளியை நாக்கில் நனைத்து நுனியைச் சரி செய்வதைப் பார்ப்பது, தவில்காரர் விரலில் கூடு மாட்டிக்கொள்வதைப் பார்ப்பது, ஆடி மாதத்தில் அவர் சாவகாசமாக உட்கார்ந்து பழைய கச்சேரிக் கதைகளைச் சொல்வதைக் கேட்பது. நோட்டில் எழுதித்தர முடியாத விஷயங்கள்.

இனி இதன் செலவுகள். பணத்தில் கொஞ்சம்தான், மற்றதில் அதிகம்.

கலைஞருக்கு மாதச் சம்பளமாகக் கொடுக்க வேண்டும், வகுப்புக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுக்கக் கூடாது. முகூர்த்த மாதத்தில் பத்து நாள் இல்லாமல் போவார், மார்கழியில் அதைச் சேர்த்துச் செய்துவிடுவார். வருகைப் பதிவை நீட்டினால் அவமானமாக நினைப்பார், நியாயம்தான். தொகைக்கு ஓர் அளவுகோல் வேண்டும் என்றால், தஞ்சாவூரில் இருக்கிற தென்னகப் பண்பாட்டு மையத்தின் குரு சிஷ்ய பரம்பரைத் திட்டத்தைப் பாருங்கள். மத்திய அரசின் பண்பாட்டு மையங்கள் நடத்தும் அந்தத் திட்டத்தில் குருவுக்கு மாதம் 7,500, பக்கவாத்தியக்காரருக்கு 3,750, ஒவ்வொரு சீடருக்கும் 1,500 ரூபாய் என்று வகுத்திருந்தார்கள். நேரில் போய் இப்போதைய விதிகளைக் கேட்டு உங்கள் ஊர்க் கலைஞரை விண்ணப்பிக்க வைக்க முடிந்தால் பாதிப் பாரம் இறங்கும். முடியாவிட்டாலும், சீடருக்கும் ஒரு தொகை என்று அதில் இருக்கிறதே, அதைக் கவனியுங்கள். ஏழைவீட்டுப் பையன் சாயங்காலம் மெக்கானிக் கடைக்குப் போகாமல் தவில் கற்க வேண்டும் என்றால் அந்த 1,500 அவன் வீட்டுக்குத் தேவைப்படும்.

அடுத்தது, கசப்பானது. வாத்தியார் வீட்டுத் திண்ணையில் யார் உட்காரலாம் என்பதில் பல இடங்களில் எழுதாத சட்டம் உண்டு. தன் வகையறாப் பையன்களுக்கு மட்டும் மனம் திறந்து சொல்லிக்கொடுத்துவிட்டு மற்றவர்களுக்கு மேலோட்டமாகச் சொல்கிறவரும் உண்டு, யார் வந்தாலும் தன் பிள்ளைபோல நடத்துகிறவரும் உண்டு. விசாரிக்காமல் அனுப்பாதீர்கள். பெண் பிள்ளைகளுக்கு இந்த வழி இன்னும் குறுகல். வீட்டில் பெண்கள் இருக்கிற, கதவு திறந்தே இருக்கிற, குறைந்தது இரண்டு பிள்ளைகள் சேர்ந்தே போகிற ஏற்பாடு இல்லாமல் எந்தப் பிள்ளையையும், ஆணோ பெண்ணோ, தனியாக அனுப்பக் கூடாது. நல்லவர், தெரிந்தவர், வயதானவர் என்பதெல்லாம் பதில் ஆகாது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-இலிருந்து இருக்கிறது. அதன்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் ஊருக்குள் பேசி முடிப்பதே தண்டனைக்குரியது. குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக்கி வையுங்கள்.

கடைசியாக, கச்சேரிக்குக் கூட்டிப்போவது. ஒரு வருடத்தில் பையன் தாளம் போடவும் சுருதிக்கு ஒத்துப் பிடிக்கவும் கூடவே போவான், கையில் ஐந்நூறு வரும், ராத்திரி கண் விழிப்பான், மறுநாள் பள்ளிக்கூடம் போக மாட்டான். சாராயம் புழங்குகிற இடங்களுக்கும் போவான். பள்ளி நாளில் கச்சேரி இல்லை, விடுமுறையில் மட்டும் என்று ஆரம்பத்திலேயே வாத்தியாரிடம் பேசி முடித்துவிடுங்கள். மூத்தவர் ஒருவர் மாதம் ஒருமுறை பள்ளிக்குப் போய் மதிப்பெண் பார்ப்பது நல்லது, வழிகாட்டுகிறவரின் வேலை இங்கே கலையைப் பற்றியதே இல்லை, படிப்பு நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான்.

## இருக்கும் இடத்துக்கு அனுப்புவது

இதை யாரும் ஒரு வழியாகவே மதிப்பதில்லை, பெயர் வராது என்பதால். மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன, சீர்காழியிலும் திருவாரூரிலும் உண்டு. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவற்றில் மூன்றாண்டுப் பயிற்சி, 12 வயதிலிருந்து 25 வரை சேரலாம். அதைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு ஜவகர் சிறுவர் மன்றம், 5 முதல் 16 வயது வரை. மேலே போக வேண்டும் என்றால் திருவையாற்றில் அரசு இசைக் கல்லூரி, ஓவியம் சிற்பத்துக்குக் கும்பகோணத்தில் அரசு கவின் கலைக் கல்லூரி.

செலவு என்று பார்த்தால் பஸ்ஸும் மதியச் சாப்பாடும்தான். பெண் பிள்ளைகளுக்கு சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021-இலிருந்து டிக்கெட்டுக்குக் காசே இல்லை. ஆண் பிள்ளைகளின் பாஸ் பள்ளிக்குப் போகிற வழித்தடத்துக்குத்தான் செல்லும், அவர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டியிருக்கும், வேடிக்கைதான்.

குறை என்னவென்றால் இசைப்பள்ளி பகல் நேரத்தில் நடக்கிறது, பள்ளிப் படிப்போடு சேர்த்துப் போவது கஷ்டம். அதனால் பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்துவிட்டு இதையே வாழ்க்கையாக எடுக்க நினைக்கிற பிள்ளைக்குத்தான் பொருந்தும். தூரமும் உண்டு: வேதாரண்யம் பக்கத்துக் கிராமத்திலிருந்து திருவாரூர் போய் வருவதற்குள் நாள் முடிந்துவிடும். பிள்ளை தனியாகப் போய் வருவதால் ஊரோடு ஒட்டுதலும் வராது. ஆனால் சான்றிதழ் கிடைக்கும், அந்தச் சான்றிதழ் வேலைக்கும் மேற்படிப்புக்கும் உதவும். மற்ற மூன்று வழியிலும் இது இல்லை.

## ஒரே பார்வையில்

| | கோடை முகாம் | வார வகுப்பு | வாத்தியார் வீடு | அரசு இடங்கள் |
|---|---|---|---|---|
| கூடவே இருக்கும் ஆள் | இல்லை | சம்பளம் கொடுத்தால் உண்டு | உண்டு, ஆனால் கலைக்கு மட்டும் | நாம் ஒருவரை வைக்க வேண்டும் |
| நாட்காட்டி | பிள்ளைகளுக்கு நல்லது, கலைஞருக்கு மோசம் | மழையிலும் தேர்விலும் அடிபடும் | வளைந்து கொடுக்கும் | பள்ளி நேரத்தோடு மோதும் |
| எத்தனை பேர் | 40, 50 | 15 | 4 முதல் 6 | ஒருவர், இருவர் |
| பெண் பிள்ளைகள் | வருவார்கள் | இடமும் நேரமும் சரியாக இருந்தால் | கவனம் தேவை | பஸ் இருந்தால் சுலபம் |
| சாதி கலப்பு | நடக்கும், பத்து நாளுக்கு | இடத்தைப் பொறுத்தது | வாத்தியாரைப் பொறுத்தது | தடை குறைவு |
| மறைந்திருக்கும் செலவு | நிறைவு விழா | ஒருங்கிணைக்கும் ஆள், வாத்திய பராமரிப்பு | பள்ளிப்படிப்பு, பாதுகாப்பு | பயணம், தனிமை |
| கையில் சான்றிதழ் | பெயருக்கு | இல்லை | இல்லை | உண்டு |

## அப்போ எதை எடுப்பது?

ஊரிலோ பக்கத்திலோ சொல்லித்தர மனமும் நேரமும் உள்ள கலைஞர் ஒருவர் இருந்து, ஆர்வமான பிள்ளைகள் யார் என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தால் வாத்தியார் வீடு. ஐந்து பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஐம்பது பேருக்கு ஆசைப்படாதீர்கள்.

பிள்ளைகள் யார் என்றே தெரியாவிட்டால் ஒரு முகாம் போட்டுப் பார்க்கலாம், ஆனால் அதை வருடா வருடம் செய்கிற சடங்காக மாற்றாதீர்கள். அரசுப் பள்ளிகளில் 2022-இலிருந்து கலைத் திருவிழா நடக்கிறது, வட்டாரம், மாவட்டம் வரை போய் வந்த பிள்ளைகள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள், போட்டி முடிந்ததும் அவர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தலைமையாசிரியரைக் கேட்டால் பட்டியலே கிடைக்கும், அப்போது முகாமும் தேவைப்படாமல் போகலாம்.

ஊர் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது, பிள்ளைகளாவது சேர்ந்து உட்காரட்டும் என்பதுதான் கவலை என்றால் வார வகுப்புதான், பள்ளி வளாகத்தில், சம்பளம் வாங்கும் ஓர் அக்காவோடு. இரண்டு வருடத்துக்கான பணம் வங்கியில் இருந்தால் மட்டும் ஆரம்பியுங்கள்.

பதினாறு, பதினேழு வயதில் ஒரு பிள்ளை, நான் இதைத்தான் செய்வேன் என்று நிற்கிறதா? அதற்காகப் புதிதாக ஓர் அமைப்பைத் தொடங்க வேண்டாம். கையோடு அழைத்துப்போய் இசைப்பள்ளியிலோ கவின் கலைக் கல்லூரியிலோ விண்ணப்பம் வாங்கிக் கொடுங்கள், மூன்று வருடப் பயணச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள்.

## பணம் வருகிற வழி

இது கலை இல்லை என்றாலும் சொல்லியாக வேண்டும், டெல்டாவில் பணம் பெரும்பாலும் கடல் தாண்டித்தான் வருகிறது. குழுவைச் சங்கமாகப் பதிவு செய்வது என்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். அதில் இரண்டு பேராவது பெண்களாகவும், எல்லாரும் ஒரே தெருக்காரர்களாக இல்லாமலும் பார்த்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் தலைவலி பாதி குறையும்.

இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கிற ஊர்க்காரர் துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவரே சிங்கப்பூர் குடியுரிமை வாங்கிவிட்டிருந்தால், வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் சரி, சங்கத்துக்கு அவர் தரும் பணம் வெளிநாட்டு நன்கொடையைக் கட்டுப்படுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டத்துக்குள் வந்துவிடும். அந்தப் பணத்தை வாங்க அந்தச் சட்டத்தின் கீழ் பதிவு செய்ய வேண்டும், அதற்குச் சங்கம் மூன்று வருடம் இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் செலவு செய்திருக்க வேண்டும் என்றெல்லாம் விதி இருக்கிறது, ஒரு கிராமக் குழுவால் ஆகிற காரியம் இல்லை. சொந்த ஊர், சொந்தப் பணம், இதில் என்ன என்று கோபப்படுவார்கள். பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று கேட்பதில் கூச்சப்பட்டால், பிறகு சங்கத்துச் செயலாளர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். குடியுரிமை மாறியவரிடம் பணத்தை வாங்காமல், ஊருக்கு வரும்போது நேரத்தைக் கேளுங்கள்: வார வகுப்புப் பிள்ளைகளோடு இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து, வெல்டிங் வேலைக்குப் போனது எப்படி, ஏஜென்டிடம் ஏமாறாமல் இருப்பது எப்படி என்று பேசட்டும். பதினேழு வயதுப் பையன்கள் அதற்குத்தான் முதல் வரிசையில் வந்து உட்காருவார்கள்.